ஒப்பந்தம் முடியும் தேதி: 4501 ஜனவரி 1

அவுட்லுக் கான்டாக்டுகளை சிஆர்எம்முடன் (வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருள்) இணைக்கும் சிங்க் கருவியை நிறுவுவது, இரண்டு பக்கமும் லாகின் செய்வது, பெயர், போன், மெயில் முகவரி எல்லாம் சிஆர்எம்முக்குப் போவது வரை எந்தத் தொல்லையும் இல்லை. நாங்களாகச் சேர்த்த ஃபீல்டுகளில்தான் மாட்டினேன். ஒப்பந்தம் முடியும் தேதி, வாடிக்கையாளர் வகை, யார் மூலம் வந்தவர் என்று அவுட்லுக் கான்டாக்டில் வருடக்கணக்காகப் பதிந்து வைத்திருக்கிறோம், எந்த ஃபீல்டு எதற்குப் போக வேண்டும் என்று பொருத்தும் மேப்பிங் திரையில் அதில் ஒன்றுகூட வரவில்லை. கருவிக்காரர்களின் சப்போர்ட்டுக்கு எழுதினால் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்துவிட்டுத் திரும்ப முயலச் சொன்னார்கள். அழித்தேன், வரவில்லை, மறுபடி எழுதினேன், அதே பதில் வேறொருவர் பெயரில் வந்தது.

அப்புறம் நானே தோண்டியதில் தெரிந்தது இது. அவுட்லுக்கில் நாம் உருவாக்கும் ஃபீல்டு அந்த ஃபோல்டரின் பட்டியலில்தான் பதிவாகிறது. கான்டாக்டை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் உள்ளே போட்ட விவரம் கூடவே போகும், ஆனால் புது ஃபோல்டரின் பட்டியலில் ஃபீல்டு இருக்காது. எங்கள் கருவி பார்ப்பதோ பட்டியலை மட்டும். நாங்கள் கான்டாக்டுகளை நகர்த்தியிருந்த புது ஃபோல்டரில் அதே பெயரில் ஃபீல்டை உருவாக்கியதும் மேப்பிங்கில் சமர்த்தாக வந்து நின்றது. பெயர் மட்டும் போதாது, வகையும் ஒன்றாக இருக்கட்டும். பழையது தேதி என்றால் இதுவும் தேதிதான், டெக்ஸ்ட் போடாதீர்கள்.

சரி, முடிந்தது என்று சிங்க் கொடுத்தால், சிஆர்எம்மில் ஏகப்பட்ட பேருக்கு ஒப்பந்தம் 4501 ஜனவரி 1 அன்று முடிகிறதாம்! தேதியைக் காலியாக விட்டால் அவுட்லுக் உள்ளுக்குள் அந்தத் தேதியைத்தான் வைத்துக்கொள்கிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை என்று காட்டும். கருவி அதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டது. சப்போர்ட்டில் கேட்டால் 'உங்கள் டேட்டாவே அப்படித்தான் இருக்கிறது' என்கிறார்கள், பேஷ். 4501 வந்தால் காலியாக அனுப்பு என்று மேப்பிங்கில் ஒரு விதி எழுதியதும் சரியானது. இதை அவர்களே முதலில் சொல்லியிருக்கலாம்.

வாடிக்கையாளர் வகை டிராப்டவுன் என்பதால் அங்கே வேறு கூத்து. சிஆர்எம் திரையில் தெரியும் பெயர் ஒன்று, அது உள்ளே எதிர்பார்க்கும் மதிப்பு வேறு. பொருந்தாததையெல்லாம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விழுங்கிவிட்டது. உள் மதிப்புகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டியிருந்தது.

நீங்கள் இறங்குவதாக இருந்தால், சில கான்டாக்டுகளைத் தனி ஃபோல்டரில் நகலெடுத்து அதில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். எந்த ஃபீல்டு எந்தத் திசையில் போக வேண்டும் என்று தனித்தனியாக வையுங்கள். காலி மதிப்பு வந்தால் எதிர்ப்பக்கம் இருப்பதை அழிக்காதே என்று ஒரு டிக் எங்காவது ஒளிந்திருக்கும், அதைத் தேடிப் போடாமல் இருவழி சிங்க்கைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, எங்கள் கருவி காம் ஆட்-இன் வகை (பழைய கிளாசிக் அவுட்லுக்கில் பொருத்தி ஓட்டும் துணை நிரல்), புதிய அவுட்லுக்கில் அது ஓடாது. யாராவது புதியதுக்கு மாறினால் அவர் கணினியில் சிங்க் நின்றுவிடும் என்பதால் இப்போதைக்கு எல்லாரையும் கிளாசிக்கிலேயே பிடித்து வைத்திருக்கிறேன்.