ஆனி மாச எடிட்டிங் டைரி

ஜூன் 24
கல்யாண வீடியோல தாலி கட்டுற இடத்தை வெட்டிட்டு இருந்தேன், ஸ்கிரீன் முழுக்க ஊதா கட்டம். அப்புறம் கருப்பு. கம்ப்யூட்டர்ல படம் காட்டுற கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் மட்டும் முழு வேகத்துல கத்துது.

ஜூன் 25
கார்டைக் கழட்டி அழிரப்பரால ஸ்லாட்ல சொருகுற பல்லை எல்லாம் தேய்ச்சு மாட்டினேன், விண்டோஸ் லோகோ வரைக்கும் வந்துச்சு, மறுபடி கட்டம். ஃபேனுக்கு அடியில தூசி ஈரத்துல களியா அப்பிக் கிடக்கு, செங்கோட்டைல சாரல் நேரம் ஜன்னலைத் திறந்து வச்சா இப்படித்தான். மதர்போர்டுல இருக்கிற எச்டிஎம்ஐல சொருகிப் பாருண்ணேன்னு தம்பி சொல்றான். ப்ராசசர் 9400எஃப், அதுல டிஸ்ப்ளேயே கிடையாதுடா. கார்டு இல்லன்னா உள்ள எல்லாம் ஓடினாலும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது.

ஜூன் 26
புனலூர் மாப்பிள்ளை போன். "சேட்டா, வீடியோ எல்லாம் போயோ?" போகல தம்பி, கல்யாணம் ஹார்டு டிஸ்க்ல பத்திரமா இருக்கு, போனது அதைக் காட்டுற கார்டுதான்னு சொன்னேன். நம்பின மாதிரி தெரியல. 7ஆம் தேதி அவருக்கு ஃபிளைட். ராத்திரி தம்பி லேப்டாப்ல டிஸ்க்கைப் போட்டு ஒவ்வொரு ஃபோல்டரா திறந்து பார்த்துட்டுத்தான் படுத்தேன்.

ஜூன் 27
தூக்கம் வரல. எந்தக் கார்டு வாங்க, 3060ஆ 4060ஆ. 4060 ரெண்டுல புதுசு, 2023ல வந்தது, 115 வாட்தான் இழுக்கும், என் பழைய 1060ஐ விடக் கம்மி. ஆனா மெமரி 8 ஜிபி. 3060 அதுக்கு ரெண்டு வருஷம் முந்தினது, 170 வாட் குடிக்கும், ஆனா 12 ஜிபி, நமக்கு கேம் ஆடவா வேணும், 4கே ஃபுட்டேஜ்ல ரெண்டு எஃபெக்ட் போட்டாலே ஜிபியு மெமரி ஃபுல்னு எடிட்டிங் சாஃப்ட்வேர் டாவின்சி நின்னுரும், பழைய 6 ஜிபில அதைப் பார்த்துப் பார்த்து நொந்தாச்சு. அதோட 4060க்கு டேட்டா போற லேன் எட்டுதான், என் போர்டு ஸ்லாட் பழைய பிசிஐஇ 3 வகை, பாதி ரோட்டுல வண்டி ஓட்டுற கதை. சரி 3060. அப்போ கரண்ட் குடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி? இருக்கிறது 450 வாட். கம்பெனி 550 சொல்றான்.

ஜூன் 28
அக்காகிட்ட பணம் கேட்டுட்டேன். "எவ்வளவுடா"ன்னு மட்டும் கேட்டா.

ஜூன் 29
ஆர்டர் போட்டாச்சு.

ஜூலை 1
பார்சல் மதுரைல நிக்குது.

ஜூலை 2
அதே மதுரை. இங்க மழை விடல. ஆடி பிறந்தா நம்ம பக்கம் முகூர்த்தம் இல்ல, மலைக்கு அந்தப் பக்கம் கர்க்கடகம், அங்கயும் இல்ல. ஆனில ஒத்துக்கிட்டது அத்தனையும் இந்தப் பெட்டிக்குள்ளதான் முடிஞ்சாகணும். அக்கா மாமாகிட்ட சொல்லியிருக்க மாட்டா.

ஜூலை 3
தென்காசி போனேன். 450 போதும் தம்பி, கார்டுக்கு ஸ்லாட்ல 75 வாட், எட்டு பின் வயர்ல 150, எங்க பத்தாமப் போகுதுன்னு கடை அண்ணாச்சி கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். ஆனா இந்தக் கார்டெல்லாம் கண் சிமிட்டுற நேரத்துக்கு அளவை மீறி இழுக்கும், பழைய எஸ்எம்பிஎஸ் அங்கயே கட் ஆயிரும், ரெண்டர் பாதில போனா யார் அழுறது. 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒண்ணு வாங்கிட்டேன். பஸ்ல வரும்போது போன், பார்சல் வீட்டுக்கு வந்துட்டாம்!

ஜூலை 4
பிளக்கைப் பிடுங்கிட்டு, கேபினட் இரும்பைத் தொட்டு கை கரண்டை இறக்கிட்டு ஆரம்பிச்சேன். ஸ்லாட் நுனில ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும், அதை அமுக்காம கார்டை இழுத்தா ஸ்லாட்டே பேந்துரும். விரல் நுழையல, மரஸ்கேல் வச்சு அமுக்கினேன். புதுசு நீளம், ஹார்டு டிஸ்க் ட்ரேயை இடிக்குது, ட்ரேயை ஒரு தட்டு கீழ இறக்கி, ரெண்டு பக்கமும் சமமா அழுத்தினதும் டக்குன்னு உக்காந்துச்சு. புது எஸ்எம்பிஎஸ் வயரோட ஆறு பின்னையும் ரெண்டு பின்னையும் சேர்த்து எட்டு பின்ல சொருகினேன். ஆன் பண்ணினா ஐகான் எல்லாம் பெருசு பெருசா டிஸ்ப்ளே. கை நடுங்குது. நெட்டைப் பிடுங்கிட்டு, இல்லன்னா விண்டோஸ் தானா ஒரு டிரைவரை இறக்கிரும், சேஃப் மோடுல, பழைய டிரைவரை அழிக்கிற டிடியூ சாஃப்ட்வேரை ஓட்டிப் பழசைத் துடைச்சு, புது டிரைவர் போட்டேன்.

ஓடுது. முருகா.

ஜூலை 5
முதல் பார்ட் ரெண்டர் முடிஞ்சது. அம்மச்சி திருநீறு பூசுற ஷாட் ஒரே இருட்டு, புள்ளி புள்ளியா தெரியிறதைக் குறைக்க நாய்ஸ் ரிடக்ஷன் போட்டா மெமரி 9 ஜிபி தாண்டுது. 8 வாங்கியிருந்தா அங்கயே நின்னுருக்கும். ரிசப்ஷன் இன்னும் கலர் பண்ணல, நாளைக்கு முதல் பஸ்ல புனலூர் போகணும், டிஸ்க்குக்கு காப்பி போகுது

மாமா போன் அடிக்கிறார்