சீல் ஆற்றுச் சரிவில் விளையும் மென்சியா

ஸ்பெயினில் மென்சியா என்னும் ஒயின் திராட்சை விளையும் வட்டாரத்துக்குப் போய்வந்ததற்கு, ரயில் கட்டணம், தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று வரிசையாகக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். ஆனால் டாக்சி ஓட்டுநர் மீதுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை என்பதால், முதலில் அதைக் கொட்டிவிடுகிறேன்.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில் இருக்கும் ரிபெய்ரா சாக்ரா என்னும் ஒயின் வட்டாரத்துக்கு நானும் அக்காவும் போயிருந்தோம். மத்ரித்திலிருந்து ஔரென்சே வரை அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து மோன்ஃபோர்த்தே தெ லெமோஸ் ஊருக்குச் சிறிய ரயில். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மோன்ஃபோர்த்தேயில் இறங்கிய பிறகுதான், சனிக்கிழமையன்று ஆற்றுப் பள்ளத்தாக்கின் பக்கம் போக எங்களுக்குப் பேருந்து இல்லை என்று தெரிந்தது. இருபது கிலோமீட்டர்கூட இல்லாத தோவாதே கிராமத்துக்கு ஓட்டுநர் விரலை விரித்துக் காட்டிப் பேசிய தொகை 25 யூரோ. இறங்கியதும் அவர் கேட்டதோ 45 யூரோ. மீட்டர் போடவே இல்லை. மலைப்பாதை, திரும்பும்போது வண்டி காலியாகப் போக வேண்டும் என்று அவர் சொன்ன நியாயத்தை நம் ஊர் ஆட்டோ நிலையங்களில் எத்தனையோ முறை கேட்டிருப்பதால், மொழி புரியாமலேயே எங்களுக்கு அது புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள்; அதில் மிச்சம் பிடிக்க நினைத்தால் என் கதிதான்.

ஆனால் இறங்கி நின்ற இடத்திலிருந்து கீழே பார்த்தபோது அந்த 45 யூரோ சிறிது நேரம் மறந்துபோனது. நாங்கள் நின்ற விளிம்பிலிருந்து சீல் ஆறு வரை ஏறத்தாழச் செங்குத்தாக இறங்கும் சரிவு முழுவதும், சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்களுக்கு இடையே, திராட்சைக் கொடிகள் படிப்படியாக நின்றன. இந்த அடுக்குகளை இவர்கள் சொகால்கோஸ் என்கிறார்கள். "இந்தச் சரிவுல ஆடுகூட மேயாதுடி, இதுல எவன் தோட்டம் போட்டான்?" என்று அக்கா கேட்டாள். ரோமானியர்கள் என்று உள்ளூரில் சொல்கிறார்கள். எங்கள் கண் முன்னால் இருந்த அமாந்திப் பகுதியின் ஒயின் ரோமாபுரி அரசர்களின் மேசைக்குப் போனது என்றும் ஒரு கதை உண்டு. அரசர் கதையை நான் அவ்வளவாக நம்பவில்லை. ஆனால் இடைக்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் நிறைந்திருந்த மடங்களின் துறவிகள் கொடிகளைப் பேணி வளர்த்தார்கள் என்பதற்கு அந்த மடங்களே சாட்சியாக நிற்கின்றன. இன்று நாம் பார்ப்பதும் முழுத் தோட்டம் அல்ல. 1950களில் அணைகள் வந்தபோது கீழ் அடுக்குகள் பல நீருக்குள் போய்விட்டன.

நாங்கள் போன ஒயினகம், கலீசிய மொழியில் அடேகா, ஒரு வீட்டின் கீழ்த்தளம்தான். மூன்று ஹெக்டேருக்கும் குறைவான தோட்டம், அதுவும் பதினொரு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 9,000 புட்டிகள். அறுவடை முடிந்து நான்கே நாட்கள் ஆகியிருந்தன. ஐம்பது வயதைத் தாண்டிய அந்த வீட்டு அம்மாள், கைரேகைகளில் ஊதாக் கறை படிந்திருக்க, எங்களை முதலில் தோட்டத்துக்குத்தான் அழைத்துச் சென்றார். காலடியில் மண் என்று சொல்லும்படி எதுவுமே இல்லை. பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிய சிலேட்டுப் பலகையை உடைத்துக் கொட்டியதுபோல் ஒரே சில்லுகள். ஒவ்வோர் அடிக்கும் அவை சறுக்கின. பகலில் வெயிலைக் குடித்துக்கொண்டு இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பித் தரும் கல் அது என்று அவர் விளக்கினார். டிராக்டர் இங்கே நுழையவே முடியாது. கையால் பறித்து, பெட்டியில் போட்டு, தோளில் சுமந்து ஏற்ற வேண்டும். சில சரிவுகளில் ஒற்றைத் தண்டவாளம் பதித்து, மோட்டார் வைத்த சிறு தள்ளுவண்டியில் பெட்டிகளை இழுக்கிறார்கள். காலிப் பெட்டி ஒன்றை வீறாப்பாகத் தூக்கிக்கொண்டு ஏறிய எனக்கு மூன்றாவது அடுக்கிலேயே மூச்சு வாங்கியது. நிறைந்த பெட்டியின் எடை 20 கிலோவாம்.

இங்கே சிவப்பு ஒயினுக்கு முதன்மையான திராட்சை மென்சியா. கபர்னே ஃபிராங்க் என்னும் பிரெஞ்சுத் திராட்சையின் உறவு என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். மரபணுச் சோதனை அப்படியில்லை என்று காட்டிவிட்டது. போர்ச்சுகலின் தாவ் பகுதியில் ஜாயென் என்ற பெயரில் வளர்வதும் இதே திராட்சைதான். விரைவில் பழுத்துவிடும் குணம் உடையது என்பதால், பறிப்பதைச் சில நாட்கள் தள்ளிப்போட்டாலே புளிப்பு இறங்கி, ஒயின் தட்டையாகிவிடும். அந்தச் சில நாட்களுக்காகத்தான் செப்டம்பர் முழுவதும் தூக்கம் கெடுகிறது என்றார் அந்த அம்மாள். பழத்தைக் காம்பில் ஒரு பகுதியோடு சேர்த்துக் காலால் மிதித்து, பிறகு 500 லிட்டர் பழைய ஓக் பீப்பாய்களில் பத்து மாதம் வைக்கிறார். பழைய பீப்பாய் என்பதுதான் முக்கியம். அது ஒயினுக்குத் தன் மர வாசனையை ஏற்றுவதில்லை.

ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். கோப்பைக்குப் பின்னால் பிடித்திருந்த என் விரல் அப்படியே தெரிந்தது. அவ்வளவு மெல்லிய சிவப்பு. மாதுளையும் செர்ரியும் கலந்தாற்போல் முதலில் ஒரு வாசனை, அதன் பின்னால் ஏதோ ஒரு பூ, கடைசியில் கோடைமழை விழுந்த கருங்கல்லின் வாசனை. நாவில் பட்டதும் எச்சில் ஊறச் செய்யும் புளிப்பு, வாழைப்பூவை நினைவூட்டும் மெல்லிய துவர்ப்பு, விழுங்கிய பிறகு இலேசான மிளகுக் காரம். ஆல்கஹால் 12.5 சதவீதம்தான். மத்ரித்தில் மூன்று நாட்கள் நாங்கள் குடித்த ரியோஹா வட்டாரத்துச் சிவப்பு ஒயின்களில் வெனிலாவும் மரத்தூளுமாகவே மணந்தது. ஸ்பெயின் சிவப்பு ஒயின் என்றாலே அவ்வளவுதான் போலும் என்று நான் ஏறக்குறைய முடிவு கட்டியிருந்தேன். அந்த முடிவு இங்கே உடைந்தது. உடலை உலுக்கும் சரிவில் இத்தனை பாடுபட்டு, இப்படி அலட்டிக்கொள்ளாத ஓர் ஒயினைச் செய்கிறார்களே என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. விலையைக் கேட்டேன், புட்டி 17 யூரோ. டாக்சியில் அழுத பணத்துக்கு இரண்டு புட்டி வாங்கியிருக்கலாமே என்று அக்கா உடனே கணக்குப் போட்டாள்.

திரும்பும்போது அந்த அம்மாளே மோன்ஃபோர்த்தேக்குச் சாமான் வாங்கப் போகும் தன் வேனில் எங்களை ஏற்றிக்கொண்டார். மறுநாள் எடுத்த படகுச் சவாரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒலிபெருக்கியின் இரைச்சல் இல்லாமல் மேலிருந்து பார்ப்பதே அழகு.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. செப்பு அண்டாவில் கொதிக்கும் நீரில் மும்முறை முக்கியெடுத்த பிறகே வேகவிடும் ஆக்டோபஸைக் கத்தரிக்கோலால் வட்ட வட்டமாக நறுக்கி, மரத்தட்டில் பரப்பி, கல்லுப்பும் மிளகாய்ப்பொடியும் ஆலிவ் எண்ணெயும் மேலே சேர்த்துத் தருகிறார்கள். மிளகாய்ப்பொடி என்று பெயர்தான், காரம் இல்லை. நிறத்துக்கும் புகை மணத்துக்கும் போடுவது. கடல் உணவுக்கு வெள்ளை ஒயின்தான் என்று படித்துவிட்டுப் போனவளுக்கு, பக்கத்து மேசைகளில் எல்லோரும் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் சிவப்பையே குடித்துக்கொண்டிருந்தது முதலில் புரியவில்லை. ஒரு வாய் ஆக்டோபஸ், ஒரு மிடறு மென்சியா என்று குடித்துப் பார்த்தபோது புரிந்தது: அந்தப் புளிப்பு எண்ணெயை வழித்தெடுத்து நாக்கை அடுத்த வாய்க்குத் தயாராக்குகிறது, துவர்ப்பு குறைவு என்பதால் மீனோடு மோதிக் கசப்பதில்லை. ஒரு தட்டு 16 யூரோ. இரண்டாவது தட்டும் வாங்கினோம். அன்றிரவுச் சாப்பாட்டை அதனால் ரொட்டியோடு முடித்துக்கொண்டோம்.

அந்த அம்மாளிடம் இரண்டு புட்டிகள் வாங்கியிருந்தேன். சாந்தியாகோ விமான நிலையத்தில்தான், எங்கள் மலிவுக் கட்டணச் சீட்டில் கைப்பை மட்டுமே அடக்கம், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கொண்டுபோக முடியாது என்பது உறைத்தது. பெட்டியைச் சரக்கில் போட 38 யூரோ கேட்டார்கள். உள்ளே இருந்த இரண்டு புட்டிகளின் விலை 34. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அட்டையை நீட்டிவிட்டேன்.