பவர் போட்ட நீச்சல் கண்ணாடி வாங்கிய கதை

மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்தபோது, சும்மா கரையில் உட்கார்ந்திருப்பானேன் என்று பெண்கள் நேரத்தில் நானும் இறங்கினேன். மூன்றாம் நாளே மானம் போயிற்று. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து, "போதும்டி, கிளம்பலாம் வா" என்று இழுக்கிறேன். அது "ஆன்ட்டி, விடுங்க!" என்று கத்துகிறது. என் மகள் நாலு அடி தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தாளாம். எனக்கு அதுவும் தெரியவில்லை.

வலது கண் மைனஸ் 6.50, இடது கண் மைனஸ் 4. கண்ணாடியைக் கழற்றினால் ஒரு சாணுக்கு அப்பால் எல்லாமே கலங்கல்தான். குளத்தின் விளிம்பில் எழுதியிருக்கும் ஆழத்தைப் படிக்க முடியாது. மாஸ்டர் கையை ஆட்டினால் வா என்கிறாரா, போ என்கிறாரா என்பதும் புரியாது.

காண்டாக்ட் லென்ஸ் போட்டு அதன்மேல் சாதாரண காகிள்ஸ் மாட்டிக்கொள்ளலாமே என்றாள் தோழி. கண் டாக்டரிடம் கேட்டேன், ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டார். தண்ணீரில் அகாந்தமீபா என்று ஒரு கிருமி உண்டாம். லென்ஸுக்கு அடியில் புகுந்துகொண்டால் கருவிழியையே புண்ணாக்கிவிடும், குளோரின் போட்ட குளம் என்று நம்பி இறங்காதீர்கள் என்றார். அதோடு அந்த யோசனையை விட்டேன்.

அப்புறம் ஆன்லைனில் தேடினேன். பவர் போட்ட காகிள்ஸ் ரெடிமேடாகவே கிடைக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவசரத்தில் மைனஸ் 6.5 என்று இருந்ததை வாங்கிவிட்டேன். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்! வலது கண்ணுக்குப் பிரமாதம். இடது கண் இருபது நிமிடத்தில் கெஞ்ச ஆரம்பித்தது. தேவைக்கு மேல் மைனஸ் இருந்தால் கண் தானே முயன்று ஈடுகட்டப் பார்க்கும். சின்னப் பிள்ளைகளின் கண் அதைச் சமாளிக்கும், நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அந்தத் தெம்பு இல்லை. வீடு திரும்பும்போது நெற்றி விண்விண் என்றது. திருப்பி அனுப்பலாம் என்றால், முகத்தில் போட்ட பொருளை எடுக்க மாட்டோம் என்று விற்றவர் கையை விரித்துவிட்டார்.

பிறகுதான் வழக்கமாகக் கண்ணாடி போடும் கடைக்குப் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். அங்கே பவர் பார்க்கும் பெண் என் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். "அக்கா, ரெடிமேடுல சிலிண்டர் பவர் வராது. அதுல பாதியை எடுத்து மெயின் பவரோட சேத்துக்கணும்."

சிலிண்டர் என்பது, கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததைச் சரிக்கட்டச் சீட்டில் தனியாக எழுதும் பவர். எனக்கு இடது கண்ணில் மைனஸ் 4-உம், சிலிண்டர் மைனஸ் 1.50-உம். பாதி 0.75, ஆக 4.75. வலது கண்ணில் 6.50, சிலிண்டர் 0.50. பாதி 0.25, ஆக 6.75. நீச்சல் லென்ஸ் அரை அரையாகத்தான் ஏறும், 4.75 என்று ஒன்று கிடையாது. அப்போது கூடுதலானதை எடுக்காமல் குறைவானதையே எடுக்கச் சொன்னாள். எனக்கு வலது 6.5, இடது 4.5. சிலிண்டர் ரொம்ப அதிகம் என்றால் இந்தக் கணக்கு உதவாது, சொல்லித்தான் செய்ய வேண்டும், விலையும் எங்கேயோ போய்விடும். என் 1.50-க்கு எழுத்தின் ஓரம் லேசாக நிழலடிக்கிறது, அவ்வளவுதான். குளத்தில் உட்கார்ந்து நாவலா படிக்கப் போகிறேன்?

வலதும் இடதும் தனித்தனியாக விற்கும் வகை ஒன்று இருக்கிறது. இரண்டு லென்ஸ், ஒரு பட்டை, மூக்குக்கு அளவு வாரியாக மூன்று துண்டுகள். நாமே கோத்துக்கொள்ள வேண்டும். அந்த மூக்குத் துண்டை அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள். கண்மணி லென்ஸின் நடுவில் வராவிட்டால், என்னைப் போல் பவர் அதிகமானவர்களுக்குப் பார்வை இழுத்துப் பிடிக்கும். நான் முதலில் அகலமான துண்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, நடு அளவுக்கு மாறினேன்.

முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: பட்டையை மாட்டாமல் வெறும் லென்ஸை மட்டும் கண்குழியில் அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். இரண்டு நொடி ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. உடனே விழுந்தால், பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் வரும். கண்ணைச் சுற்றி வளையம் விழுவதுதான் மிச்சம்.

தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகத் தெரியுமே, பவரைக் குறைக்க வேண்டாமா என்று வீட்டில் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. லென்ஸைக் கையில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். வெளிப்பக்கம் தட்டையாக இருக்கிறது, குழிவெல்லாம் உள்பக்கம், கண்ணை ஒட்டி. தண்ணீர் படுவது தட்டைப் பக்கத்தில். உள்ளே எப்போதும் காற்றுதான். அதனால் கரையிலும் தண்ணீரிலும் அதே பவர் வேலை செய்கிறது. நாலு அடியில் இருப்பது மூன்று அடியில் இருப்பதுபோல் தெரியும், அது பவர் இல்லாத காகிள்ஸ் போட்டவர்களுக்கும் அப்படித்தான்.

ஒரே ஒரு தப்புச் செய்தேன். பனி படர்ந்தது என்று உள்பக்கத்தை விரலால் துடைத்தேன். பனி பிடிக்காமல் இருக்கப் பூசியிருக்கும் பூச்சு அந்த இடத்தில் போய்விட்டது. இப்போதும் இடது லென்ஸில் அந்த விரல் தடத்தில்தான் முதலில் பனி படரும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும்.

புதுக் கண்ணாடியோடு முதல் நாள் தலையை உள்ளே விட்டேன். அடியில் பதித்த நீல ஓடுகளின் இடுக்கில் யாருடைய ஹேர்பின்னோ கிடந்தது. பக்கத்தில் மஞ்சள் தொப்பி ஒன்று கையை வீசி வீசிப் பிரமாதமாக நீந்தி வந்தது. இந்தத் தடவை என் மகளேதான். கீழே பார்த்தால், ஒரு காலைத் தரையில் ஊன்றி நொண்டியடித்து வந்துகொண்டிருந்தாள். இரண்டு மாதமாக நான் கைதட்டிக்கொண்டிருந்தது இதற்குத்தான்.