காற்று அடங்கக் காத்திருந்த ஓல்ட் வார்டன் மாலை

நேற்றிரவு பிக்கிள்ஸ்வேட் ரயில் நிலைய வாசலில் இறங்கியபோது டாக்சி ஓட்டுநர் 40 பவுண்டு கேட்டார். மதியம் அதே வழியில் என்னைக் கொண்டுபோய் விட்ட இன்னொருவர் வாங்கியது 18 பவுண்டுதான். இரவுக் கட்டணம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். விமானக் காட்சி முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில் ஓல்ட் வார்டன் கிராமத்துச் சாலையில் வேறு வண்டி கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பணத்தைக் கொடுத்துவிட்டு நடைமேடைக்கு வந்த பிறகும் கோபம் ஆறவில்லை. ஆனால் ரயிலில் உட்கார்ந்து கண்ணை மூடியதும் கண்முன் வந்து நின்றது அந்த ஓட்டுநரின் முகமல்ல, 1912இல் கட்டப்பட்ட ஒரு பிளாக்பர்ன் ஒற்றை இறக்கை விமானம் அந்தி வெளிச்சத்தில் மரங்களுக்கு மேலே மெல்ல ஊர்ந்துபோன காட்சிதான். பழைய விமானங்களைப் பார்க்கப் போக விரும்புகிறவர்களுக்கு வழி, செலவு, தங்குமிடம் என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அந்த வரிசை இந்தக் கட்டுரையில் நிற்குமா என்பது சந்தேகம்தான், ஏனென்றால் எனக்கு முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓல்ட் வார்டன், இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷையரில் உள்ள சிறிய கிராமம். அங்கே ஷட்டில்வர்த் தொகுப்பு இருக்கிறது. கார்ப் பந்தய வீரரும் விமானியுமான ரிச்சர்ட் ஆர்மண்ட் ஷட்டில்வர்த் 1928இல் தொடங்கிய சேகரிப்பு இது. 1935இல் டோனிங்டன் கிராண்ட் பிரீயை ஆல்ஃபா ரோமியோ காரில் வென்ற அதே மனிதர், பிறர் குப்பையென்று ஒதுக்கிய விமானங்களைத் தேடித் தேடி வாங்கினார். 1940 ஆகஸ்டில், விமானப்படைப் பயிற்சியின்போது நடந்த விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 31. மகனின் நினைவாக அவருடைய தாயார் டோரதி 1944இல் ஏற்படுத்திய அறக்கட்டளையால்தான் இந்த விமானங்கள் சிதறாமல் தப்பின. மற்ற அருங்காட்சியகங்களில் விமானங்களைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வரலாம். இங்கே அவற்றைப் பறக்க விடுகிறார்கள், என்னைப் பொறுத்தவரை அந்த வேறுபாடு ஒன்றுக்காகவே எவ்வளவு தொலைவும் போகலாம்.

லண்டனிலிருந்து பிக்கிள்ஸ்வேட் வரை ரயில் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. பயணம் முழுவதும் கைப்பேசியில் லூட்டன் விமான நிலையத்துக்கான வானிலை முன்னறிவிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தென்மேற்கிலிருந்து 14 நாட் (மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டர்) வேகக் காற்று, இடையிடையே 24 நாட் வரை வீச்சு, விட்டு விட்டு மழை என்று இருந்தது. லூட்டன் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 160 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின்மேல் இருக்கிறது, ஓல்ட் வார்டனோ தாழ்வான இடம், ஆகவே கீழே காற்று கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். திடலுக்குள் நுழைந்தபோது, காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப்பை கிடைமட்டமாக விறைத்து நின்றது. ஆறுதலெல்லாம் அந்த ஒரு பார்வையிலேயே போய்விட்டது.

14 நாட் காற்றுக்கு இத்தனை கவலையா என்று கேட்பவர்கள் இங்குள்ள பிளேரியோ 11 விமானத்தின் அருகே ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். 1909இல் செய்யப்பட்ட அந்த விமானம், தன்னுடைய பழைய எஞ்சினோடு இன்றும் பறக்கும் நிலையில் உள்ளவற்றில் உலகிலேயே மிகப் பழையது. அதன் மூன்று சிலிண்டர் அன்சானி எஞ்சின் தருவது 25 குதிரைத்திறன் மட்டுமே. இன்றைய விமானங்களில் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் சாய்வுப் பலகைகள் இதில் கிடையாது. கம்பிகளை இழுத்து இறக்கையையே முறுக்கித்தான் விமானி பக்கவாட்டுச் சமநிலையைக் காக்க வேண்டும், அந்த முறுக்குக்கு விமானம் மிகச் சோம்பலாகவே பணியும். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது எதிர்க்காற்று திடீரென்று 20 கிலோமீட்டர் குறைந்தால் இறக்கைக்கு மிஞ்சுவது 45 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது பாதிக்கும் கீழே விழுந்துவிடும். ஜெட் விமானத்துக்கு உணரக்கூட முடியாத ஒரு தளர்வு இதைத் தரையில் கொண்டுவந்து போட்டுவிடும். அதனால்தான் காற்று அறவே இல்லாத நேரத்தில் மட்டும், அதுவும் ஓடுபாதையை ஒட்டி நேராக ஒரு சிறு தாவலாக மட்டும் இதை எழுப்புகிறார்கள்.

முதல் உலகப்போர்க்கால விமானங்களின் சிக்கல் வேறு. அவற்றுக்குப் பிரேக் கிடையாது, வாலின் அடியில் சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்குக்கட்டைதான் இருக்கிறது. பக்கவாட்டுக் காற்றில் அவை தரையில் ஓடும்போது வால் ஒருபுறம் தள்ளப்பட்டால் நிறுத்துவதற்கு விமானியிடம் அதிகமாக ஒன்றும் இல்லை. ஆகவே ஆட்கள் இறக்கை நுனிகளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வருகிறார்கள், நல்ல காற்றுள்ள நாளில் அவர்கள் ஓடவே வேண்டியிருக்கிறது.

காட்சிக்கு முன்னால் விமானங்கள் நிற்கும் வரிசைக்குள் நடந்து பார்க்க அனுமதித்தார்கள். அதற்காக யோசிக்காமல் நேரம் ஒதுக்குங்கள், அந்த நாளின் மிகச் சிறந்த பகுதிகளில் அது ஒன்று. ஏவ்ரோ 504கே விமானத்தின் மூக்கருகே ஒரு முதிய தன்னார்வலர் லெ ரோன் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்புக் குழாய், எல்லாம் புதுப்பாத்திரம்போல மின்னின. இந்தச் சுழல் எஞ்சின் வகையின் அதிசயம், எஞ்சினே ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றுவதுதான். கிராங்க் தண்டு விமான உடலோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்க, சிலிண்டர்கள் அதைச் சுற்றிப் பம்பரமாகச் சுழல்கின்றன, அந்தச் சுழற்சியாலேயே குளிர்ச்சியும் அடைகின்றன. பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் இவற்றுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றுகிறார்கள். ஊற்றிய எண்ணெய் திரும்பித் தொட்டிக்கு வருவதில்லை, எரிந்ததும் எரியாததுமாக வெளியே சிதறிப் போய்விடுகிறது. நான் ஆர்வமாகப் பார்ப்பதைக் கவனித்த அந்த முதியவர் கையிலிருந்த துணியை நீட்டி முகர்ந்து பார்க்கச் சொன்னார். நம் வீட்டு விளக்கெண்ணெய்தான், ஆனால் தீய்ந்து, லேசான இனிப்போடு, இரும்பும் புகையும் கலந்த ஒரு வாசனை. சிறுவயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த அதே எண்ணெய் நூறு ஆண்டுக்கு முந்தைய எஞ்சினுக்கு உயிர் கொடுக்கிறது என்பதை அந்தத் துணி ஒரு நொடியில் உணர்த்திவிட்டது.

பக்கத்திலேயே ஹாக்கர் ஹைண்ட் நின்றது. 1938இல் ஆப்கானிஸ்தானுக்குப் போன விமானம் அது, 1970இல் காபூலிலிருந்து லாரியில் ஏற்றிச் சாலை வழியாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் ரோல்ஸ்ராய்ஸ் கெஸ்ட்ரல் எஞ்சினை இயக்குவதற்கு ஹக்ஸ் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தார்கள். பழைய ஃபோர்டு மாடல் டி வண்டியின்மேல் பொருத்திய ஒரு நீண்ட தண்டு ப்ரொப்பெல்லரின் நடுமுனையில் கவ்விக்கொள்கிறது. வண்டியின் எஞ்சின் அந்தத் தண்டைச் சுழற்ற, பன்னிரண்டு சிலிண்டர்களும் இருமிப் புகை கக்கி, பிறகு ஒரே சீராகப் பாட ஆரம்பிக்கின்றன. இரண்டு தலைமுறை இயந்திரங்கள் கைகொடுத்துக்கொள்ளும் அந்த அரை நிமிடத்துக்கே என் நுழைவுச்சீட்டுப் பணம் ஈடாகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

மாலைக் காட்சி தொடங்கியபோது மழை தூறியது. இரண்டாம் உலகப்போர்க்காலப் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயரும் சீ ஹரிக்கேனும் இந்தக் காற்றைப் பொருட்படுத்தவில்லை. அவற்றின் 27 லிட்டர் மெர்லின் எஞ்சின் தலைக்கு மேலே போகும்போது நெஞ்செலும்பு அதிர்கிறது, அதை எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் போதாது. மேகம் தாழ்வாக இருந்ததால் செங்குத்தாக ஏறிச் சுழலும் பயிற்சிகளை விட்டுவிட்டுத் தட்டையாக வளைந்து வளைந்து பறந்தார்கள். மேகம் உயர்ந்த நாளில் இருப்பதைவிட இது குறைவான காட்சி என்று அருகிலிருந்தவர்கள் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தாழ்ந்த மேகத்தின்கீழ் விமானம் நம்மைவிட்டு விலகிப் போவதே இல்லை, சாம்பல் வானத்தில் இறக்கை நுனிகளின் வளைவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. செந்நிற டி ஹாவிலண்ட் காமெட் வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். 1934இல் மில்டன்ஹாலிலிருந்து மெல்பர்னுக்கு ஏறக்குறைய 71 மணி நேரத்தில் போய்ப் பந்தயத்தை வென்ற அதே விமானம், நகலல்ல.

ஏழரை மணிக்கு மழை வலுத்தது. சாப்பாட்டு வண்டியில் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் விலை அதிகம், மீன் நன்றாகவே இருந்தது, உருளைக்கிழங்கு நமத்துப்போயிருந்தது. நான் விமானங்களை நிறுத்திவைக்கும் ஹேங்கருக்குள் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏராளமானவர்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டு கார்களுக்குப் புறப்பட்டார்கள். எனக்கும் சஞ்சலம் வந்தது. அப்போதே போனால் டாக்சி எளிதாகக் கிடைக்கும், ரயிலும் வசதியாக இருக்கும். ஆனால் மேற்கே மேகத்தின் விளிம்பு ஒரு கத்தியால் வெட்டியதுபோல நேராகத் தெரிந்தது, அதற்கு அப்பால் வானம் மஞ்சளாக இருந்தது. பகல் முழுவதும் வெயிலில் சூடாகும் நிலம் காற்றை மேலும் கீழுமாகக் கலக்கி, உயரத்தில் ஓடும் வேகமான காற்றைத் தரைக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். சூரியன் சாய்ந்து தரை குளிர்ந்தால் அந்தக் கலக்கம் நின்று, தரையை ஒட்டிய காற்று தானாகவே படுத்துவிடும். மிகப் பழைய விமானங்களை விடியலிலும் அந்தியிலும் பறக்கவிடுவதற்குக் காரணம் அழகான வெளிச்சமல்ல, இந்த அமைதிதான். ஆகவே நின்றேன்.

எட்டேகால் மணிக்குக் காற்றுப்பை தாழ ஆரம்பித்தது. அரை மணி நேரம் கழித்து, கொடியில் காயப்போட்ட ஈரத்துணிபோலக் கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. ஹேங்கர் கதவைத் திறந்து பிளாக்பர்னைக் கையாலேயே தள்ளிக்கொண்டு வந்தார்கள். ரிச்சர்ட் 1937இல் துண்டு துண்டாகக் கண்டெடுத்து வாங்கியது இது, அவர் இறந்த பிறகு சீரமைப்பு முடிந்து 1947இல்தான் பறந்தது. தான் மீட்டது பறந்ததை அவர் பார்க்கவில்லை. அதன் 50 குதிரைத்திறன் நோம் எஞ்சினில் ஏழு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் கெட்டி எஃகிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டது, சுவரின் தடிமன் 1.5 மில்லிமீட்டர்தான். எரிபொருள் உள்ளே வரும் வால்வு பிஸ்டனின் தலையிலேயே இருக்கிறது. இவ்வளவு மெல்லிய, இவ்வளவு துணிச்சலான ஒரு இயந்திரத்தை அந்தக் காலத்துப் பட்டறையில் கடைந்தவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

ஒருவர் ப்ரொப்பெல்லரைப் பிடித்து இழுத்துவிட்டார். மூன்றாவது முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. நீலப் புகை புல்லின்மேல் பரவி, அசையாமல் அப்படியே நின்றது. அந்தப் புகை நின்ற விதத்தைப் பார்த்ததுமே பறக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாலைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள், நூறு மீட்டர்கூட ஓடியிருக்காது, சக்கரங்கள் புல்லைவிட்டு எழுந்தன. வேகத்தைக் கூட்டிக் குறைக்க முறையான ஏற்பாடு இல்லாத எஞ்சின் என்பதால் இறங்க வரும்போது விமானி பற்றவைப்பைத் துண்டித்துத் துண்டித்து இணைத்தார். சத்தம் நின்று, வந்து, நின்று, வந்தது. நிற்கும் இடைவெளியில் இறக்கைக் கம்பிகளுக்கிடையே காற்று ஊதுவதைத் தெளிவாகக் கேட்டோம். மழைக்குப் பிறகு மிஞ்சியிருந்த கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை.

பிளேரியோவையும் வெளியே கொண்டுவந்தார்கள். அன்சானியை ஓடவிட்டார்கள், அது டமடமவென்று அதிர்ந்து எண்ணெய்த் துளிகளைப் புல்லில் தெறித்தது. அந்த நேரம் பார்த்து மரங்களின் உச்சி ஒருமுறை அசைந்தது. காற்றுப்பையின் நுனி ஒரு சாண் எழுந்து, மீண்டும் விழுந்தது, அவ்வளவுதான். விமானி அதைப் பார்த்தார், தொழில்நுட்பவியலாளரிடம் குனிந்து ஏதோ சொன்னார், எஞ்சினை நிறுத்திவிட்டார். எத்தனையோ ஆண்டுகளாக நான் பார்க்க ஆசைப்பட்ட தாவல் அது. ஏமாற்றம் இருந்தது. ஆனால் அந்த விமானியின் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், அதற்காகக் குறைசொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்யுங்கள். பகல் காட்சியைவிட மாலைக் காட்சியைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் லண்டனில் தங்காமல் பிக்கிள்ஸ்வேட்டிலேயே ஓர் அறை எடுங்கள், கடைசி ரயிலைப் பற்றிய கவலை இல்லாமல் நிற்கலாம். ஜூன் மாதமானாலும் கம்பளிச் சட்டையும் மழைச் சட்டையும் வேண்டும், குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். திரும்பும் டாக்சியை மதியமே பேசி, கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தத்தில் நான் போட்டிருந்த கணக்கைவிட எனக்கு 35 பவுண்டு கூடிவிட்டது, அதில் 22 அந்த ஓட்டுநருக்கே போனது.

ஹேங்கருக்குள் பிளேரியோவை மறுபடி நிறுத்தியபோது கடைசியாக ஒருமுறை அருகே போனேன். அன்சானியின் நடுச் சிலிண்டர் இன்னும் சூடாக இருந்தது, கயிற்றுக்கு வெளியே நின்றவனுக்கும் அந்தச் சூடு முகத்தில் பட்டது. அடியில் வைத்திருந்த தகரத் தட்டில் எண்ணெய் ஒவ்வொரு துளியாக விழுந்துகொண்டிருந்தது. அடுத்த மாலைக் காட்சியின் தேதியைக் கதவருகே ஒட்டியிருந்த தாளிலிருந்து எழுதிக்கொண்டு சாலைக்கு நடந்தேன்.