கூடலூர் களப்பணிக் குறிப்புகள்

ஜூலை 7

மழை விட்டபாடில்லை. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டுக் களப்பணிக்கு எனக்குக் கிடைத்தது நீலகிரியின் கூடலூர் பக்கம் பணியர் பழங்குடிகளின் ஒரு குடியிருப்பு. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மாதத்தில் பாதி நாள் பள்ளிக்குப் போவதில்லை. பள்ளியில் அவளுக்குச் "சோம்பேறி" என்று பெயர். வீட்டில் கேட்டால், "முட்டியும் முதுகும் வலிச்சு ராவெல்லாம் அழுவா" என்கிறார் அம்மா. ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக் காட்டினார். சிக்கிள் செல் என்கிற ரத்த நோய்.

ஜூலை 9

இந்த நோயில் ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, மெல்லிய ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். அந்த வலியைக் கிளப்ப குளிரே போதும். உடம்பில் நீர் குறைந்தாலும் வரும். இவளோ நனைந்தபடி காலை வழிபாட்டுக்கு நிற்கிறாள். கழிப்பறைக்குப் போகப் பயந்து மாலைவரை தண்ணீரே குடிப்பதில்லை. இந்த நோயை 2047-க்குள் ஒழிக்க 2023-ல் தேசிய இயக்கமே தொடங்கியிருக்கிறார்கள். இவளுக்கு இப்போது வேண்டியது ஒரு ஸ்வெட்டரும், தண்ணீர் பாட்டிலும், பயமில்லாமல் போக ஒரு கழிப்பறையும்.

ஜூலை 14

பள்ளியில் பேசட்டுமா என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். "வேண்டாம் டீச்சர். ஊருக்கே தெரிஞ்சிரும். நாளைக்கு இவள யாரு கட்டுவாங்க?"

சமூகப்பணிக்கு ஃபீலிக்ஸ் பீஸ்டெக் என்ற அறிஞர் 1957-ல் வகுத்த ஏழு நெறிகளில் ரகசியம் காப்பதும் உண்டு, முடிவை அவரவரே எடுக்க விடுவதும் உண்டு. தேர்வுக்கு அவற்றை வரிசையாக எழுதிவிடலாம். இங்கே, பிள்ளை வலியில் கிடக்கும்போது, அம்மா சரி என்று சொல்லும்வரை வாய் திறக்காமல் இருப்பது நெஞ்சை அறுக்கிறது. இருந்தாலும் அதுதான் சரி. அந்தப் பிள்ளையோடு இந்த ஊரில் வாழப்போவது அவர்தான். எனக்குக் களப்பணி முடிந்தால் பஸ் இருக்கிறது.

இன்று நோயைப் பற்றி மட்டும் பேசினோம். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷமாகக் குறை அவர் வழியில்தான் என்று மாமியார் வீட்டில் சொல்லிவந்தார்களாம்.

ஜூலை 21

அவரே முடிவெடுத்தார். வகுப்பு டீச்சரிடம் மட்டும், தன் வாயாலேயே சொல்வாராம்; நான் கூட வந்தால் போதுமாம். போனோம். நோயின் பெயரைச் சொல்லவில்லை. குளிர் ஆகாது, அடிக்கடி தண்ணீர் குடிக்க விடணும், வலி வந்தால் ஆள் அனுப்புங்க என்றார். டீச்சர் நோட்டில் குறித்துக்கொண்டார். காலை வழிபாட்டு நேரத்தில் இனி வகுப்பிலேயே இருக்கலாம். கழிப்பறை விஷயம் தலைமையாசிரியர்வரை போகணும். அதற்கான மனுவை நாளை குடியிருப்புப் பெண்களோடு உட்கார்ந்து எழுதுகிறோம்.