கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள்

மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டம் தெரிந்த நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் வந்து நிற்பது வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. இந்த ஆட்டத்தை எங்கள் ஊரில் ஊன்றி வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள், இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து இங்கு பணிக்கு வந்த அமெரிக்கத் துறவிகள். வெபர் அடிகளாரின் பெயரை நகரின் மைதானம் தாங்கி நிற்கிறது. 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போன ஹேபர்ட் அடிகளாரின் பெயரோ, புனித மிக்கேல் கல்லூரியில் அவரிடம் பந்து பிடிக்கக் கற்ற மூத்தவர்களின் பேச்சில் இன்றும் வந்துகொண்டே இருக்கிறது. அவர்கள் விதைத்த ஆர்வம் எங்களுக்கு முன்னும் பின்னும் பல தலைமுறைகளுக்குத் தொற்றிவிட்டது.

எங்களுக்குள் அடிக்கடி கிளம்பும் வழக்கு ஒன்றே ஒன்றுதான்: பல்கலைக்கழக ஆட்டத்தில் தலைசிறந்த பொயின்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் அணியின் ஆட்டத்தை நடத்துபவர், யார்? என் மருமகனுக்கு இதில் சந்தேகமே கிடையாது. மரே ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2018–19 பருவத்தில் ஆடிய ஜா மொரான்ட்தான் என்பான். ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 24.5 புள்ளிகளும் 10 அசிஸ்ட்களும் (சக ஆட்டக்காரர் உடனே புள்ளி எடுக்கும்படி கொடுக்கும் பந்துகள்) பெற்றவர் மொரான்ட். ஒரே பருவத்தில் இருபது புள்ளிகளையும் பத்து அசிஸ்ட்களையும் சராசரியாக எட்டிய முதல் ஆட்டக்காரர் அவரே. அதற்கு முந்திய பருவத்தில் ஒக்லஹோமாவின் ட்ரே யங், புள்ளிகளிலும் அசிஸ்ட்களிலும் நாட்டிலேயே முதலிடம் பெற்றார். ஆண்கள் ஆட்டத்தில் அதற்கு முன் எவரும் அதைச் செய்ததில்லை. பெண்கள் ஆட்டத்தில் 2021–22 இல் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் அதே சாதனையைச் செய்தார் என்பதையும் இந்த வழக்கில் யாராவது நினைவூட்டினால் நல்லது.

எண்கள் பொய் சொல்வதில்லை என்பது மருமகனின் வாதம். ஆனால் எந்த எண்கள் என்று கேட்கவேண்டியிருக்கிறது. அசிஸ்ட்களுக்கான நாடளாவிய தரவரிசை முறையாகத் தொடர்ந்து பேணப்படுவது 1983–84 பருவத்திலிருந்துதான். மூன்று புள்ளிக் கோடு நாடு முழுவதும் வந்தது 1986–87 இல். முதலாம் ஆண்டு மாணவர் பிரதான அணியில் ஆட 1972–73 பருவம் வரைக்கும் பெரும்பாலும் இடமிருக்கவில்லை. போர் முடிந்த கையோடு விதி தளர்ந்திருந்த காலத்தில் நுழைந்ததால்தான் பொப் கூசி 1947 இல் முதலாம் ஆண்டிலேயே ஹோலி குரொஸ் அணியோடு தேசியக் கிண்ணத்தைத் தொட முடிந்தது. கூசி கொடுத்த அசிஸ்ட்கள் எத்தனை என்று கேட்டால், எண்ணி வைத்தவர்கள் இல்லை. எண்ணாத காலத்து மனிதரை எண்ணிய காலத்து மனிதரோடு அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினால், வழக்கில் தோற்கப்போகிறவர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம், என் கணக்கில், பந்து கைக்கு வந்த அணி இத்தனை வினாடிக்குள் வளையத்துக்கு எறிந்தாகவேண்டும் என்ற நேரக் கட்டுப்பாடு. ஆண்கள் பல்கலைக்கழக ஆட்டத்தில் 45 வினாடிக் கடிகாரம் 1985–86 பருவத்தில்தான் வந்தது. 1993–94 இல் அது 35 ஆகவும், 2015–16 இல் 30 ஆகவும் குறைந்தது. பெண்கள் ஆட்டத்தில் 1970களின் தொடக்கத்திலேயே 30 வினாடி விதி இருந்தும், ஆண்களின் ஆட்டத்தை நடத்தியவர்கள் அதைப் பார்த்துப் படிக்க இத்தனை காலம் எடுத்தது வேடிக்கைதான். அக்கடிகாரம் வருவதற்கு முன்னர், ஓர் அணி விரும்பினால் பந்தை நிமிடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். எப்போது ஓடுவது, எப்போது நிற்பது, எப்போது எதிரணியைக் களைக்க வைப்பது என்ற தீர்மானம் முழுவதும் ஒருவரின் கையில் இருந்தது. அவர்தான் பொயின்ட் கார்ட்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் சீமெந்துத் திடல்களில் நடக்கும் ஆட்டங்களே போதும். விதிப்புத்தகத்தில் 24 வினாடி இருக்கும், மின்கடிகாரம் இருக்காது. மேசையில் அமர்ந்திருப்பவர் நிறுத்தற்கடிகாரத்தைப் பார்த்துக் கடைசிப் பத்து வினாடிகளை உரத்து எண்ணத் தொடங்குவார். கெட்டிக்காரப் பொயின்ட் கார்ட் அந்தக் குரல் எழும் வரைக்கும் நடுக்கோட்டுக்கு அப்பால், இடது கையை எதிராளிக்குக் குறுக்கே வைத்து, வலது கையால் முழங்காலுக்குக் கீழே பந்தைத் தட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தியபடி நிற்பான். "எட்டு" என்ற குரல் கேட்ட பின்னரே தோளைச் சாய்ப்பான். அவசரக்காரனோ பந்து கைக்கு வந்த மாத்திரத்திலேயே வளையத்தைப் பார்த்துவிடுவான். இரண்டு பேரும் ஒரே அளவு புள்ளி எடுத்திருக்கலாம். ஆனால் அணி யாரை நம்பி மூச்சு விடுகிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

அந்தக் கலையின் உச்சம் நோர்த் கரோலினாவின் ஃபில் ஃபோர்ட். 1974 முதல் 1978 வரை ஆடிய அவரைச் சுற்றிப் பயிற்றுநர் டீன் ஸ்மித் நடத்திய முறைக்கு 'நான்கு மூலைகள்' என்று பெயர். நான்கு பேர் அரைத்திடலின் நான்கு மூலைகளுக்கும் போய்விடுவார்கள். நடுவே விரிந்து கிடக்கும் வெற்றிடத்தில் ஃபோர்ட் மட்டும் பந்தோடு நிற்பார். காவலர் நெருங்கினால் அவரைக் கடந்து வளையத்துக்குப் போவார். இரண்டாவது காவலர் உதவிக்கு வந்தால், அவர் விட்டு வந்த மூலைக்குப் பந்து போகும். ஒருவரும் நெருங்காவிட்டால் முன்னிலையில் இருக்கும் நோர்த் கரோலினாவுக்கு அவசரம் ஒன்றும் கிடையாது. இது வெறும் காலங்கடத்தல் என்று ஏசியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்கத் தவறுவது என்னவென்றால், இம்முறை நிமிடத்துக்கு நிமிடம் ஒரே மனிதரின் கணிப்பில் தங்கியிருந்தது என்பதுதான். தவறான ஒரு கடத்தல் போதும், மறுபக்கத்தில் இலவசமாக இரண்டு புள்ளி.

ஃபோர்ட்டை முதலிடத்தில் வைக்கும் நான், அவர் தோற்ற ஆட்டத்தையும் சொல்லியாகவேண்டும். 1977 தேசியச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம் அட்லாண்டாவில் நடந்தது. எதிரணி மில்வாக்கி நகரத்து இயேசு சபைப் பல்கலைக்கழகமான மார்க்கேட், அதன் பயிற்றுநர் அல் மக்குவாயருக்கு அது கடைசி ஆட்டம். இடைவேளையில் 39–27 எனப் பின்தங்கியிருந்த நோர்த் கரோலினா, இரண்டாம் பாதியில் ஓடி ஓடி 45–45 எனச் சமன் செய்தது. அந்த வேகத்தில் தொடர்ந்து ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, ஸ்மித் நான்கு மூலைகளுக்குப் போகச் சொன்னார். மார்க்கேட் வெளியே வரவில்லை. ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காக்கும் பகுதிக் காவலில், வளையத்தின் அடியில் அமைதியாக நின்றது. நோர்த் கரோலினாவின் மைக் ஓகோரன் உள்ளே வரக் காத்திருந்தும், பந்து நிற்காததால் மாற்று ஆட்டக்காரர் இறங்க வழியில்லை. கடைசியில் கிடைத்த வாய்ப்பும் தடுக்கப்பட்டது. ஆட்டம் 67–59 என மார்க்கேட்டிடம் போனது. காயப்பட்ட முழங்கையோடு ஆடிய ஃபோர்ட்டின் கை அன்று வழக்கம்போல் இல்லை. மறுபக்கத்தில் மார்க்கேட்டின் புச் லீ, இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். ஓராண்டுக்கு முன் மொன்றியல் ஒலிம்பிக்கில், ஸ்மித் பயிற்றுவித்து ஃபோர்ட் ஆடிய அமெரிக்க அணியைப் புவேர்ட்டோ ரிக்கோவுக்காக 35 புள்ளிகள் எடுத்து, 95–94 வரை தள்ளிக்கொண்டு போனவர் இதே லீதான். ஒருவரை ஒருவர் அறிந்த இரு பொயின்ட் கார்ட்கள், கடிகாரமில்லாத ஆட்டத்தில் பொறுமையை வைத்துப் பந்தயம் பிடித்தார்கள். இனி அப்படியொரு ஆட்டத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. விதி இடம் கொடுக்காது.

கடிகாரம் வந்த பிறகு ஆடியவர்களில் அந்த நிதானத்துக்குக் கிட்ட வந்தவர் டியூக் பல்கலைக்கழகத்தின் பொபி ஹேர்லி. 1993 இல் வெளியேறியபோது அவர் கணக்கில் இருந்த 1,076 அசிஸ்ட்கள் அதுவரை எவரும் எட்டாத தொகை. ஆனால் அவரை நான் மதிப்பது அதற்காக அன்று. 1990 இறுதியாட்டத்தில் நெவாடா லாஸ் வேகாஸ் அணியிடம் டியூக் 103–73 என்று நொறுங்கியபோது, முதலாம் ஆண்டு மாணவரான ஹேர்லி எடுத்தது வெறும் இரண்டு புள்ளி. அடுத்த ஆண்டு அரையிறுதியில், தோல்வியே காணாமல் வந்த அதே அணி, 76–71 என முன்னால் நின்றது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடமளவில் இருந்தது. ஹேர்லி தயங்காமல் மூன்று புள்ளிக்கு எறிந்தார், இறங்கியது. டியூக் 79–77 என வென்று, பிறகு கிண்ணத்தையும் எடுத்தது. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கத் தெரிந்தவருக்கு, நிற்கக்கூடாத இடமும் தெரிந்திருந்தது.

மஜிக் ஜோன்சனை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். 1979 இல் மிச்சிகன் ஸ்டேட் அணியோடு அவர் லாரி பேர்டின் அணியை 75–64 என வென்றதை யார் மறப்பார்? ஆனால் ஆறடி ஒன்பது அங்குல மனிதர் மற்றவர்களின் தலைக்கு மேலால் பார்த்துப் பந்து கொடுப்பது வேறு கணக்கு. அவரை இந்த வரிசையில் நிறுத்துவது மற்றவர்களுக்கு அநியாயம்.

எங்கள் ஊர்ப் பாசத்தில், இயேசு சபைப் பல்கலைக்கழகங்களில் ஆடியவர்களைத் தனியே பட்டியலிட்டுப் பார்க்கும் பழக்கமும் எனக்கு உண்டு. கூசி, பில் ரசலோடு சான் பிரான்சிஸ்கோவில் ஆடிய கே.சி. ஜோன்ஸ், கொன்சாகாவின் ஜோன் ஸ்டொக்டன், 1993 இல் அரிசோனாவை வீழ்த்திய சான்டா கிளாரா அணியில் முதலாம் ஆண்டிலேயே கடைசி அரை நிமிடத்துக்குள் ஆறு தண்ட எறிகளைத் தொடர்ந்து இட்ட ஸ்டீவ் நாஷ், ஜோர்ஜ்டவுனின் அலன் ஐவர்சன், 2003–04 இல் செயின்ட் ஜோசப்ஸ் அணியைத் தோல்வியின்றி 27 ஆட்டங்கள் கொண்டுபோன ஜமீர் நெல்சன். இவர்களில் ஸ்டொக்டனின் கதை விசித்திரமானது. பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் அசிஸ்ட் சாதனையை யாரும் நெருங்கமுடியாத இடத்தில் வைத்துவிட்டுப் போன அவர், தம் பல்கலைக்கழகக் காலத்தில் தேசியச் சுற்றுப்போட்டியில் ஒரு முறைகூட ஆடவில்லை. கொன்சாகா அங்கே முதன்முதலாக நுழைந்தது அவர் வெளியேறிப் பதினொரு ஆண்டு கழித்து, 1995 இல்.

இக்காலத்தவரில் நான் ஒருவரைத் தெரிவுசெய்யவேண்டுமென்றால் அது வில்லனோவாவின் ஜலன் பிரன்சன். 2016, 2018 ஆகிய இரு ஆண்டுகளிலும் கிண்ணம். வேகமும் உயரமும் பெரிதாக இல்லை. முப்பது வினாடிக்குள்ளும் எதிராளிக்கு முதுகைக் காட்டி, ஒற்றைக் காலில் சுழன்று, காவலர் துள்ளும் வரை காத்திருக்கும் பொறுமை இருந்தது. மூன்று ஆண்டு ஒரே பயிற்றுநரிடம் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். ட்ரே யங் ஒரே பருவத்தோடு போய்விட்டார். அவரது அணி தேசியச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே ரோட் ஐலண்டிடம் மேலதிக நேரத்தில் தோற்றது.

ஆகவே என் வரிசை ஃபோர்ட், ஹேர்லி, பிரன்சன். மருமகன் இதை ஏற்கவில்லை. மொரான்ட் 2019 சுற்றுப்போட்டியில் 17 புள்ளி, 11 ரீபவுண்ட் (தவறிய எறியில் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 16 அசிஸ்ட் எடுத்து 83–64 என வீழ்த்திய அணி எது தெரியுமா மாமா என்று கேட்டான். தெரியும், மார்க்கேட்தான். ஃபோர்ட்டால் முடியாததை மொரான்ட் செய்துவிட்டார் என்கிறான். புச் லீ அன்றைக்கு அந்த அணியில் இல்லையே என்றேன்.