முதலுதவிச் செலவு நீங்கலாக

"காப்பீட்டு நிறுவனத்துக்கு நோட்டீஸ் போய் ஒன்பது நாள்தான் ஆகிறது. இப்போது கையெழுத்துப் போடாதீர்கள்."

பழைய காப்பீட்டுப் பாலிசிகளைத் தேடி எடுத்துக் கிளெய்ம் தயாரிப்பது என் வேலை. தொலைபேசியில் நான் சொன்னது இவ்வளவுதான். பாலிசியின் வாசகப்படி சரியான பதில். இன்று எடுத்துப் பார்த்தாலும் அதில் பிழை சொல்ல முடியவில்லை. ஆனாலும் மனசு அந்த அழைப்பிலேயே போய் நிற்கிறது.

கேட்டவர், கலிபோர்னியாவில் தன் அப்பா 1961இல் தொடங்கிய டிரை கிளீனிங் கடையை ஏற்று நடத்தியவர். கடை இருந்த கட்டடத்தின் உரிமையாளர், மாசுக்காக அவர்மீது வழக்குப் போட்டிருந்தார். அங்கே பயன்படுத்திய கரைப்பான் பெர்குளோரோஎத்திலீன். தொழிலில் எல்லோருக்கும் அது பெர்க். தண்ணீரைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு கனமானது. சிந்தினால் கான்கிரீட் தரையிலும் ஊறி இறங்கும், நிலத்தடி நீரைத் தொட்ட பிறகும் கீழே போய்க்கொண்டே இருக்கும். அதன் ஆவியோ எதிர்த்திசையில், தரை விரிசல் வழியாக மேலே வரும். பக்கத்துக் கடையில் எடுத்த காற்று மாதிரியில் அதுதான் இருந்தது. தரைக்கு அடியிலுள்ள காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே வெளியேற்ற, குழாயும் விசிறியும் பொருத்துவதற்கு 38,000 டாலர் கொட்டேஷன் வந்திருந்தது. "போட்டுவிடட்டுமா? அங்கே ஆட்கள் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்" என்றார்.

நான் தடுத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்துப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுப் படிவங்களில் ஒரு நிபந்தனை உண்டு: காப்பீடு பெற்றவர், தன் சொந்தச் செலவில் அன்றி, தானாக முன்வந்து எந்தத் தொகையும் கொடுக்கக் கூடாது, எந்தப் பொறுப்பையும் ஏற்கக் கூடாது, எந்தச் செலவும் செய்யக் கூடாது. கலிபோர்னியா நீதிமன்றங்கள் இதில் கண்டிப்பானவை. கிளெய்மைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன் செலவழித்த பணம் பொதுவாகத் திரும்பி வராது. ஒப்படைத்த பிறகும், பதில் வருமுன் சம்மதம் இல்லாமல் செய்த செலவு தகராறில்தான் போய் முடியும்.

அதோடு, எங்கள் கையில் பாலிசியே இல்லை. இந்த வேலை தெரியாதவர்கள் அதை நம்பமாட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய பாலிசியை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. 1966 படிவத்திலிருந்து 'நிகழ்வு' அடிப்படை வந்தது. சேதம் அந்த ஆண்டில் நடந்திருந்தால் போதும், கிளெய்ம் எப்போது வந்தாலும் அந்த ஆண்டின் பாலிசி பதில் சொல்லியாக வேண்டும். மெல்லக் கசிந்து பரவும் மாசு பல ஆண்டுகளைத் தொடும்போது, அத்தனை ஆண்டுப் பாலிசிகளும் விழித்துக்கொள்ளும் என்று மாநில உச்ச நீதிமன்றம் மான்ட்ரோஸ் வழக்கில் 1995இல் சொல்லிவிட்டது. 1970 முதல், 'திடீரென, தற்செயலாக' நடந்தது தவிர மற்ற மாசுக்குப் பொறுப்பில்லை என்ற விலக்கு ஒட்டப்பட ஆரம்பித்தது. 1973 படிவத்தில் அது உள்ளேயே அச்சானது. 1986இல் முழு விலக்கு. ஆகவே எங்களுக்கு உயிர் 1966 முதல் 1970 வரையிலான தாள்களில் இருந்தது.

அப்படியொரு தாள் கிடைத்தது எதிர்த்தரப்பின் அலமாரியில். வாடகை ஒப்பந்தம் காப்பீடு கேட்கும். வாடகைக்கு இருப்பவர் காப்பீட்டுச் சான்று கொடுப்பார். அதை உரிமையாளர் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் குத்தி வைப்பார். வழக்குப் போட்டவரே உரிமையாளர்தான், அவருக்குப் பணம் வர வேண்டிய இடமும் இந்தப் பாலிசிதான் என்பதால் கேட்டதும் கோப்பைத் திறந்து கொடுத்தார். 1968 தேதியிட்ட கார்பன் நகல், வெங்காயத் தோல் போன்ற தாள். தட்டச்சில் பாலிசி எண், சொத்துச் சேத வரம்பு 50,000 டாலர், கீழே ஏஜென்டின் முத்திரை பாதி அழிந்து. கடையின் பழைய காசோலைப் பதிவேட்டில் அதே மாதம் 'இன்சூரன்ஸ்' என்ற வரி, பக்கத்தில் அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள். இவ்விரண்டையும் வைத்து, அந்த நிறுவனம் அந்த ஆண்டில் பயன்படுத்திய மாதிரிப் படிவத்தைக் கொண்டு பாலிசியைக் கட்டியெழுப்ப வேண்டும். தொலைந்த பாலிசியின் சொல்லுக்குச் சொல் தேவையில்லை, நிபந்தனைகளின் சாரத்தை நிரூபித்தால் போதும் என்பது இங்கே 2002 முதல் தெளிவு.

வரம்பு சின்னதுதானே என்று பலர் விட்டுவிடுவார்கள். வாதாடும் செலவு அந்த வரம்புக்கு வெளியே, அதன் மேல் வரும். மண் துளையிடுவது, கண்காணிப்புக் கிணறு போன்ற ஆய்வுகளில் ஒரு பகுதியை எதிர்வாதச் செலவாகவே கேட்கலாம்.

இவ்வளவு மெல்லிய ஆதாரத்தின் மீது நிற்கும்போது, நிபந்தனை மீறல் என்ற கம்பை நாமே எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் கையில் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். கடையின் வங்கிக் கணக்கில் 38,000 டாலரும் இல்லை.

நோட்டீஸ் கிடைத்ததைக் காப்பீட்டு நிறுவனம் 15 நாளுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது மாநில விதி. ஒப்புக்கொண்டார்கள். பிறகு 'எங்கள் பதிவேட்டில் இந்த எண் இல்லை' என்றார்கள், கூடுதல் ஆவணம் கேட்டார்கள். பிறகு மறுக்கும் உரிமையைக் கைவிடாமல், எங்களுக்காக வாதாடச் சம்மதிக்கும் கடிதம் வர பதினொரு வாரம் ஆனது. இடையில் குளிர் வந்தது. கதவுகள் மூடி, ஹீட்டர் ஓடினால் கட்டடம் தரைக்கு அடியிலிருந்து ஆவியை இன்னும் அதிகமாக இழுக்கும். அடுத்த மாதிரியில் அளவு கூடியிருந்தது.

அதன் பிறகுதான் அந்த நிபந்தனையை முழுதாக மறுபடி படித்தேன். எந்தச் செலவும் கூடாது என்ற இடத்தில் வாக்கியம் முடியவில்லை. 'விபத்தின்போது பிறருக்குச் செய்யும் முதலுதவிச் செலவு நீங்கலாக' என்று தொடர்கிறது. ஆயிரம் முறை கண்ணில் பட்ட வரி. கை வெட்டுப்பட்டவருக்குக் கட்டுப் போடுவதற்காக எழுதியது அது. விசிறி பொருத்துவதை அதற்குள் அடக்க எந்த நீதிபதியும் ஒப்பமாட்டார் என்றே இப்போதும் நினைக்கிறேன். 'சொந்தச் செலவில் அன்றி' என்பதையும் நேராகப் படித்தால், அவர் துணிந்து செய்திருந்தால் இழந்திருக்கக்கூடியது பெரும்பாலும் அந்த 38,000 மட்டுமே. பாலிசி முழுவதும் கைவிட்டுப் போயிருக்காது. இதை அன்று அவரிடம் பிரித்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடன் வாங்கியாவது போட்டிருப்பாரா என்று தெரியாது. முடிவு அவருடையதாக இருந்திருக்கும்.

தவிர, விசிறிக்கும் சும்மா இருப்பதற்கும் நடுவில் எவ்வளவோ உண்டு. தரை விரிசலையும் குழாய் இறங்கும் துளைகளையும் அடைக்கலாம். காய்ந்துபோன வடிகால் வளைவில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். அது காய்ந்தால் ஆவிக்கு அதுவே வாசல். கார்பன் நிரப்பிய காற்று வடிகட்டி ஒன்றை அறையில் ஓடவிடலாம். எல்லாம் தெரிந்தும் எனக்கு அன்று வாயில் வந்தது 'காத்திருங்கள்' மட்டும்தான். அவர் ஆட்களைப் பற்றிக் கேட்டார். நான் கிளெய்மைப் பற்றிப் பதில் சொன்னேன்.

இப்போது நான் தயாரிக்கும் நோட்டீஸில் ஒரு பத்தி கூடியிருக்கிறது: அவசர நடவடிக்கை இன்னது, செலவு இவ்வளவு, 7 நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் தொடங்குவோம், தொகையைக் கிளெய்மில் சேர்ப்போம். வழக்கறிஞர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. மௌனத்தைச் சம்மதம் என்று எந்தப் பாலிசியும் சொல்லவில்லை என்கிறார்கள், அதுவும் உண்மைதான்.

சில மாதங்களுக்கு முன் வேறொருவர் அதே கேள்வியோடு அழைத்தார். விசிறிக்குக் காத்திருங்கள் என்றுதான் மறுபடியும் சொன்னேன். கார்பன் வடிகட்டியை மட்டும் இன்றே வாங்குங்கள், அந்த ரசீதைக் கிளெய்மில் சேர்க்க வேண்டாம் என்றேன்.